கிராஃபிக் டிசைன் மாணவர்களுக்கு: ரெஸ்யூமே, போர்ட்ஃபோலியோ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிப்ரவரி பிறந்தால் போதும், விஸ்காம் (காட்சித் தொடர்பியல்), ஃபைன் ஆர்ட்ஸ், பி.டெஸ் (டிசைன் இளநிலைப் பட்டம்) என்று கடைசி வருடப் பிள்ளைகளின் போர்ட்ஃபோலியோ (செய்த ஒர்க்கின் தொகுப்பு) வர ஆரம்பித்துவிடும். சென்னையில் ஒரு சிறிய டிசைன் ஸ்டுடியோவில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். புதிதாக ஆள் எடுக்கும்போது வருவதையெல்லாம் முதலில் பிரித்துப் பார்ப்பது நான்தான். அனுப்புகிறவர்கள் போனிலும் மெயிலிலும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான், அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ஸ்டுடியோ, விளம்பர நிறுவனம், பதிப்பகம், அச்சகம் சார்ந்த வேலைகளை மனதில் வைத்து எழுதியது இது.

ரெஸ்யூமேயை முதலில் செய்வதா, போர்ட்ஃபோலியோவையா?

போர்ட்ஃபோலியோவை. ரெஸ்யூமே ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் முடிந்துவிடும். போர்ட்ஃபோலியோவுக்குக் குறைந்தது இரண்டு மாதம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பழைய ஒர்க்கைத் திறந்து பார்க்கும்போதுதான் பாதியைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று உங்களுக்கே தெரியவரும். எங்களிடம் வரும் மெயிலில் இரண்டும் இருந்தால் நான் முதலில் திறப்பது போர்ட்ஃபோலியோ. அது பிடித்திருந்தால்தான் பெயர் என்ன, ஊர் எது, எப்போது சேர முடியும் என்று ரெஸ்யூமேயைப் பார்ப்பேன். எனக்குத் தெரிந்த மற்ற ஸ்டுடியோக்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

எத்தனை ஒர்க் வைக்கலாம்?

ஆறு. ஏழு, எட்டு வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம். மூன்று வருடம் செய்ததையெல்லாம் அடுக்கினால் அதில் இருப்பதிலேயே சுமாரான ஒன்றுதான் பார்க்கிறவர் மனதில் நிற்கிறது. முதல் வருடம் செய்த கலர் வீல், பாட்டில் ஷேடிங், ஸ்டில் லைஃப் எல்லாம் பயிற்சி, அவற்றை எடுத்துவிடுங்கள். ஓவியம் உங்கள் பலம் என்றால் அதற்கென்று கடைசியில் இரண்டு பக்கம் ஒதுக்கலாம். ஆகச் சிறந்ததை முதலில் வையுங்கள், அதற்கு அடுத்ததைக் கடைசியில்.

என்னிடம் காலேஜ் அசைன்மென்ட் மட்டும்தான் இருக்கிறது. அது போதுமா?

போதும், ஆனால் அப்படியே வைக்காதீர்கள். ஒரே கல்லூரியிலிருந்து பத்துப் பேர் விண்ணப்பிக்கிறீர்கள், பத்துப் பேரிடமும் அதே காபி பிராண்ட், அதே பர்ஃப்யூம் பெட்டி, அதே 'தண்ணீரைச் சேமி' போஸ்டர். மூன்றாவது ஃபைலிலேயே எனக்கு உங்கள் சிலபஸ் தெரிந்துவிடும். அந்த அசைன்மென்டை ஒரு படி தள்ளிக் கொண்டு போங்கள். பெட்டி டிசைன் செய்தீர்களா, அதை அட்டையில் வெட்டி, மடித்து, உள்ளே பொருளை வைத்து மூடிப் பாருங்கள். மூடி நிற்கவில்லை என்றால் ஏன் நிற்கவில்லை, எந்த மடிப்பை மாற்றினீர்கள் என்பதையும் சேர்த்துக் காட்டுங்கள். இதைச் செய்தவர்கள் பத்தில் ஒருவர்கூடத் தேறமாட்டார்கள், அதனால் செய்தவர் தனியாகத் தெரிகிறார்.

சொந்தமாக ஒரு ப்ராஜெக்ட் செய்யலாம் என்று நினைக்கிறேன். பெரிய பிராண்டின் லோகோவை ரீடிசைன் செய்யட்டுமா?

வேண்டாம் என்பது என் கருத்து. அந்த கம்பெனிக்கு என்ன தேவை, எதனால் அந்த லோகோ அப்படி இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. அழகாக மாற்றிவிட்டோம் என்று நாம் நினைப்பதற்கும் உண்மைக்கும் தொடர்பே இருக்காது. உங்கள் தெருவில் இருப்பதை எடுங்கள். தினமும் கண்ணில் படுவது, யாரோ ஒருவர் நிஜமாகவே அதை வைத்துத் திண்டாடுவது.

போன வருடம் மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு மாணவியின் போர்ட்ஃபோலியோ வந்தது. பஸ் முகப்புப் பலகையை எடுத்திருந்தார். பிரச்சினை என்னவென்றால், பலகையின் அகலம் ஒன்றுதான், ஆனால் 'தேனி' இரண்டு எழுத்து, 'திருப்பரங்குன்றம்' பத்து எழுத்து. முதல் பக்கத்தில், இப்போது என்ன செய்கிறார்கள் என்பதற்குப் பத்துப் பன்னிரண்டு புகைப்படம். பெயரைப் பக்கவாட்டில் அமுக்கியிருக்கிறார்கள், அப்படி அமுக்கும்போது நிற்கும் கோடுகள் மெலிந்து படுத்த கோடுகள் மட்டும் தடியாக நின்றுவிடுகின்றன, தூரத்திலிருந்து பார்த்தால் 'ன்ற' எது 'ண்ற' எது என்று தெரிவதில்லை. அடுத்த பக்கத்தில் அவர் பென்சிலால் வரைந்த மூன்று முயற்சி: எழுத்தைச் சிறிதாக்கியது, இரண்டு வரியாகப் பிரித்தது, ஒடுங்கிய எழுத்தாகப் புதிதாகவே வரைந்தது. 'கு'வின் சுழி பலகைக்குக் கீழே முட்டியதை வட்டமிட்டுக் காட்டி, அதை எப்படி உள்ளே இழுத்தார் என்பதைப் பக்கத்திலேயே வரைந்திருந்தார். அப்புறம் ஒரு பிரிண்ட் எடுத்து பஸ் ஸ்டாண்டில் எதிர்ப் பக்கம் பிடிக்கச் சொல்லி, கண்ணாடி போட்ட ஒரு பாட்டியிடம் படித்துக் காட்டச் சொன்ன புகைப்படம். மொத்தம் நான்கே பக்கம். கலர் கிரேடியன்ட் எதுவும் கிடையாது. அதைப் பார்த்து முடித்த உடனே நான் போனை எடுத்துவிட்டேன்.

இப்படி எடுக்க ஆயிரம் இருக்கிறது. மருந்துக் கடையில் கவர் மேல் பேனாவால் எழுதித் தரும் 'காலை–மதியம்–இரவு', கோயில் திருவிழா நோட்டீஸ், ரேஷன் கடை விலைப்பட்டியல், தனியார் மருத்துவமனையில் எந்த அறை எங்கே என்று தெரியாமல் அலையும் கூட்டம். கையால் போர்டு எழுதும் ஓவியர்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள். பிளெக்ஸ் வந்த பிறகு அவர்களில் பலருக்கு வேலை போய்விட்டது. அவர்களிடம் ஒரு நாள் உட்கார்ந்து, தூரிகையை எந்தக் கோணத்தில் பிடித்து 'அ' வளைக்கிறார்கள் என்று பதிவு செய்து, அதிலிருந்து ஒரு எழுத்து வரிசை வரைய முயன்றால் அதுவே ஒரு முழு ப்ராஜெக்ட். (செய்தால், அவர் பெயரையும் அனுமதி வாங்கிப் போடுங்கள். அது அவர் கை.)

தமிழ் ஒர்க்கை வைக்கலாமா? லோக்கலாகத் தெரியாதா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் மனசு கஷ்டப்படுகிறது. கட்டாயம் வையுங்கள். சென்னையில் ஆங்கில எழுத்தை நன்றாக அடுக்கத் தெரிந்தவர்கள் நிறையக் கிடைக்கிறார்கள். தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே பக்கத்தில் சமமாக நிறுத்தத் தெரிந்தவர் கிடைப்பது அரிது, வேலையோ தினமும் வருகிறது. நகைக்கடை, மசாலா, அரசு விளம்பரம், பதிப்பகம், தேர்தல், எல்லாம் இரண்டு மொழியில்.

2010-இல் மத்திய அரசு ஏற்றுக்கொண்ட ரூபாய் குறியீட்டை வரைந்த டி. உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர் என்பது பலருக்குத் தெரியும். அவர் ஐஐடி பம்பாயின் டிசைன் பள்ளியில் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது தமிழ் எழுத்துருவியல் என்பது அவ்வளவு பேருக்குத் தெரியாது. தமிழ் எழுத்து லோக்கல் விஷயம் இல்லை.

ஆனால் வைத்தால் சரியாக வைக்க வேண்டும். நான் தமிழ்ப் பக்கத்தைப் பார்க்கும்போது முதலில் பார்ப்பது வரி இடைவெளியை. தமிழில் மேலே புள்ளியும் சுழியும் உண்டு, கீழே 'ழு', 'ஸ்ரீ' தொங்கும். ஆங்கிலத்துக்கு வைத்த இடைவெளியையே வைத்தால் மேல் வரியும் கீழ் வரியும் மோதும். அப்புறம், தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று கிடையாது. தலைப்பைத் தனியாகக் காட்ட ஆங்கிலத்தில் செய்வதுபோல் எல்லாவற்றையும் கேப்பிட்டலில் போட வழி இல்லை, எழுத்தின் தடிமனும் அளவும் இடமும்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விட்டு ஸ்டைல் செய்வது ஆங்கிலத்தில் எடுபடும். தமிழில் அப்படி இழுத்தால் கொம்பும் காலும் தாய் எழுத்தை விட்டு விலகிப்போய் சொல்லே கலைந்துவிடும்.

மென்பொருளிலும் கவனம் வேண்டும். இன்டிசைனில் தமிழ் எழுத்துகளைச் சரியாகச் சேர்க்கும் வேர்ல்டு ரெடி கம்போஸர் வைக்க வேண்டும், இல்லஸ்ட்ரேட்டரில் இந்திய மொழிகளுக்கான ஆப்ஷனை ப்ரிஃபரன்ஸில் போய் ஆன் செய்ய வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் ஒரு கல்யாணப் பத்திரிகை செய்தேன். மணப்பெண் பெயர் தெய்வானை. எழுத்துகளை அவுட்லைனாக (ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவமாக) மாற்றாமல் ஃபைலை அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டேன். அங்கிருந்த கம்ப்யூட்டரில் அந்த ஆப்ஷன் இல்லை, 'த'வுக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னால் போய் நின்றுகொண்டது. 500 பத்திரிகை அடித்து பண்டலாகக் கட்டி வந்த பிறகுதான் பார்த்தோம். அந்தப் பெண்ணின் அப்பா பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. அன்றிலிருந்து எந்தத் தமிழ் ஃபைலையும் அவுட்லைன் ஆக்காமல், ப்ரூஃப் பார்க்காமல் வெளியே விடுவதில்லை. உங்கள் போர்ட்ஃபோலியோ பிடிஎஃப்பிலும் இதே தவறு அடிக்கடி வருகிறது. கொம்பு இடம் மாறிய ஒரு சொல் இருந்தால், இவருக்குத் தமிழ் படிக்க வரும், ஆனால் பார்க்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

எழுத்துருவுக்குப் பணம் இல்லை என்று கவலைப்பட வேண்டாம். கூகுள் ஃபான்ட்ஸில் முக்த மலர், ஹிந்த் மதுரை, அனேக் தமிழ், நோட்டோ வரிசை எல்லாம் இலவசம், வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம், எல்லாம் யூனிகோட் (எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே மாதிரி புரிந்துகொள்ளும் எழுத்துக் குறியீடு). டிடிபி கடைகளில் பழகிய பாமினி மாதிரியான பழைய ஃபான்ட்களில் செய்த ஒர்க் இருந்தால் வைக்கலாம், ஆனால் யூனிகோடிலும் வேலை தெரியும் என்று காட்ட ஒன்றாவது இருக்கட்டும்.

ஒவ்வொரு ஒர்க்குக்கும் என்ன எழுத வேண்டும்?

மூன்று, நான்கு வரி போதும். யாருக்காக, என்ன சிக்கல், நீங்கள் எடுத்த முக்கியமான முடிவு எது, ஏன். 'மினிமலிஸ்ட் அப்ரோச்', 'மாடர்ன் லுக்' என்பதெல்லாம் எந்த ஒர்க்குக்கும் பொருந்தும், அதனால் எதையும் சொல்வதில்லை. ரூபாய் குறியீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள்: தேவநாகரி 'ர'வும் ரோமன் 'ஆர்' எழுத்தும் ஒன்றாகச் சேர்ந்த வடிவம், மேலே இணையாக இரண்டு கோடு. ஒரு வரியில் சொல்லிவிடலாம், கேட்டவர் பேப்பரில் வரைந்தும் காட்டிவிடுவார். உங்கள் லோகோவை வீட்டில் அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லை என்றால் எழுதுவதில் மட்டும் சிக்கல் இல்லை, ஒர்க்கிலேயே இன்னும் ஏதோ முடிவாகவில்லை.

வேண்டாம் என்று ஒதுக்கிய ஸ்கெட்ச்களில் இரண்டு மூன்றைப் பக்கத்தில் சிறிதாகப் போடுங்கள். எதை விட்டீர்கள் என்பதைப் பார்த்தால்தான் எப்படி யோசிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், வேலைக்கு எடுப்பது அந்த யோசனையை நம்பித்தான்.

மாக்கப் போடலாமா?

மாக்கப் (டிசைனை நிஜப் பொருள் மேல் வைத்ததுபோல் காட்டும் படம்) போடலாம், ஒர்க்குக்கு ஒன்று. அதே விசிட்டிங் கார்டு, அதே கப், அதே டோட் பேக் என்று இலவச மாக்கப்பில் எல்லாவற்றையும் ஒட்டி வைத்தால் டிசைனைவிட நிழல்தான் பெரிதாகத் தெரிகிறது. டிசைனை நேராக, தட்டையாக, பெரிதாக ஒரு பக்கத்தில் காட்டிவிட்டு அப்புறம் மாக்கப்புக்குப் போங்கள். நிஜமாக அச்சடித்ததை ஜன்னலோர வெளிச்சத்தில் போனில் எடுத்த படம் எந்த மாக்கப்பையும்விட மேல்.

டீமாகச் செய்தது, இன்டர்ன்ஷிப்பில் செய்தது: இதையெல்லாம் என் ஒர்க் என்று போடலாமா?

உங்கள் பங்கு என்ன என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போடலாம். 'கான்செப்ட் எங்கள் சீனியருடையது, ஐகான்களும் உள்பக்க லேஅவுட்டும் நான் செய்தது' என்று ஒரு பையன் எழுதியிருந்ததைப் படித்ததும் அவர் மேல் மரியாதை வந்தது. மறைத்தால் கண்டிப்பாக வெளியே வரும். இது சின்ன உலகம், நீங்கள் இன்டர்ன்ஷிப் செய்த இடத்தில் என் பழைய நண்பர் யாராவது இருப்பார்.

சட்டப்படி பார்த்தால், 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், வேலையிலோ தொழில் பழகுநராகவோ இருந்து செய்த படைப்பின் முதல் உரிமை நிறுவனத்துக்குத்தான். இதைச் செய்தது நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை 57-ஆம் பிரிவு படைத்தவருக்குத் தருகிறது. ஆனால் இன்னும் வெளியாகாத பேக்கேஜிங், கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ரகசிய ஒப்பந்தம் என்றால் கதை வேறு. அனுமதி கேட்டு ஒரு மெயில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்கவில்லை என்றால் பிராண்ட் பெயரை மாற்றி வைக்கலாமா என்று கேளுங்கள். இன்டர்ன்ஷிப்பின் கடைசி நாளன்றே கேட்டுவிடுவது நல்லது, ஆறு மாதம் கழித்துக் கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஏஐ படங்களைப் பயன்படுத்தியிருக்கிறேன். சொல்ல வேண்டுமா?

சொல்லுங்கள். எங்கே பயன்படுத்தினீர்கள் என்று தெளிவாக எழுதினால் யாரும் தப்பாக நினைப்பதில்லை. பின்னணிப் படம், ஆரம்பக் கட்ட மூட் போர்டு (யோசனைக்காகச் சேர்த்து வைக்கும் படத் தொகுப்பு), இதற்கெல்லாம் ஸ்டுடியோக்களிலேயே பயன்படுத்துகிறோம். ஆனால் இல்லஸ்ட்ரேஷன் என் பலம் என்று சொல்லிவிட்டு உள்ளே ஏஐ படத்தை வைப்பது ஏமாற்று. இன்டர்வியூவில் ஒரு பேப்பரும் பென்சிலும் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஏஐ உருவாக்கிய படத்தில் வரும் தமிழ் எழுத்துகளை மட்டும் அப்படியே விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் எழுத்து மாதிரி இருக்கும், எழுத்தாக இருக்காது.

பிடிஎஃப்பா, பிஹான்ஸா, சொந்த வெப்சைட்டா, இன்ஸ்டாகிராமா?

பிடிஎஃப் கட்டாயம். மற்றதெல்லாம் அதற்கு மேல். 15 முதல் 20 பக்கம், படுக்கை வாட்டில், 10 எம்பிக்குள். ஜிமெயில் 25 எம்பி வரைதான் இணைப்பாக ஏற்கும், அதைத் தாண்டினால் டிரைவ் லிங்க்காக மாற்றிவிடும். அந்த லிங்க்கைத் திறந்தால் பல நேரம் 'அனுமதி கேளுங்கள்' என்று வந்து நிற்கும். அனுமதி கேட்டு, நீங்கள் பார்த்து, கொடுத்து, அதற்குள் நான் அடுத்தவருடையதைத் திறந்திருப்பேன். லிங்க் அனுப்பியே ஆக வேண்டும் என்றால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று மாற்றிவிட்டு, வேறொரு போனில், உங்கள் கணக்கில் நுழையாமல் திறந்து பாருங்கள்.

பிடிஎஃப்பைப் போனிலும் ஒரு முறை முழுதாகப் பாருங்கள். நான் பாதி போர்ட்ஃபோலியோவை மின்சார ரயிலில்தான் பார்க்கிறேன். லேப்டாப்பில் அழகாக இருந்த எட்டு பாயின்ட் எழுத்து அதில் எறும்பு மாதிரி இருக்கும். திரையில் பார்க்கும் பிடிஎஃப்பை ஆர்ஜிபியில் (திரைக்கான கலர் முறை) எடுங்கள், அச்சுக்குச் செய்த சிஎம்ஒய்கே ஃபைலை அப்படியே ஏற்றுமதி செய்தால் கலர் மங்கித் தெரியும்.

பிஹான்ஸ் (டிசைனர்கள் தங்கள் ஒர்க்கைக் காட்டும் தளம்) அடோபிக்குச் சொந்தமானது, இலவசம், தேடி வருகிறவர்கள் உண்டு, அதனால் ஒரு கணக்கு இருக்கட்டும். இன்ஸ்டாகிராமில் டிசைனுக்கென்று தனிப் பக்கம் இருந்தால் கொடுங்கள். நண்பர்களோடு கொடைக்கானல் போன படமும் அதிலேயே இருந்தால் கொடுக்க வேண்டாம். சொந்த வெப்சைட், யூஎக்ஸ் (ஆப், வெப்சைட்டைப் பயன்படுத்தும் அனுபவத்தை வடிவமைக்கும்) வேலைக்குப் போகிறவர்களுக்கு அவசியம், மற்றவர்கள் முதல் வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சரி, ரெஸ்யூமே எப்படி இருக்க வேண்டும்?

ஒரே பக்கம், ஏ4, வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து, வேண்டுமானால் ஒரு கலர். டிசைனர் என்பதால் ரெஸ்யூமேயையே போஸ்டர் மாதிரி செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள். உங்கள் டிசைன் அறிவைக் காட்ட போர்ட்ஃபோலியோ இருக்கிறது. ரெஸ்யூமேயில் நான் பார்ப்பது எழுத்து அடுக்கம்: ஓரங்கள் ஒன்றாக நிற்கின்றனவா, தேதிகள் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கின்றனவா, தலைப்புக்கும் கீழே உள்ளதற்கும் நடுவே இடைவெளி சீராக இருக்கிறதா.

மேலே பெயர், போன், மெயில், ஊர், போர்ட்ஃபோலியோ லிங்க். பள்ளிக்கூடத்தில் விளையாட்டாக வைத்த மெயில் முகவரி இருந்தால் புதிதாக ஒன்று தொடங்குங்கள். அப்புறம் இன்டர்ன்ஷிப், ஃப்ரீலான்ஸ் வேலை, படிப்பு, தெரிந்த மென்பொருள், தெரிந்த மொழிகள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் கேம்பஸ் ஃபாரத்தில் கேட்பார்கள், அங்கே கொடுங்கள்; ஸ்டுடியோவுக்கு அனுப்புவதில் தேவையில்லை. அப்பா பெயர், மதம், திருமணம் ஆனவரா இல்லையா, கடைசியில் 'மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என உறுதி கூறுகிறேன்' என்ற கையெழுத்து, இதெல்லாம் பழைய பயோடேட்டா வழக்கம், விட்டுவிடுங்கள். போட்டோவும் வேண்டாம்.

ஃபோட்டோஷாப் 85 சதவீதம், இல்லஸ்ட்ரேட்டர் 90 சதவீதம் என்று பட்டை வரைவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். எதில் 90? 14 வருடம் ஆகியும் எனக்கு அப்படி ஒரு எண் சொல்ல வராது. 'இன்டிசைனில் 64 பக்க ஆண்டு மலர் செய்து அச்சுக்குக் கொடுத்தேன்' என்று எழுதினால் எனக்கு எல்லாமே புரிந்துவிடும்.

உங்கள் கல்லூரி ஆண்டு மலர், மாமா கடையின் போர்டு, தெருவில் பொங்கல் விழா பேனர், எல்லாமே வேலை அனுபவம்தான். சம்பளம் வாங்கவில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். யாருக்கு, எப்போது, என்ன அளவில், எத்தனை பிரதி என்று எழுதுங்கள்.

பெரிய கம்பெனிகளின் தளத்தில் பதிவேற்றும்போது ரெஸ்யூமேயை முதலில் படிப்பது மென்பொருளாக இருக்கலாம். உங்களுடையதை அது படிக்குமா என்று பார்க்க ஒரு சின்ன வழி: பிடிஎஃப்பைத் திறந்து எல்லாவற்றையும் செலக்ட் செய்து காப்பி எடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். வரிகள் அதே வரிசையில் வந்தால் சரி. இரண்டு பத்தியாகச் செய்தது கலந்து கட்டி வந்தாலோ ஒன்றுமே வராவிட்டாலோ, அந்த இடங்களுக்கென்று சாதாரண ஒற்றைப் பத்தியில் இன்னொன்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே எழுத்துகளை அவுட்லைன் ஆக்கச் சொன்னது அச்சுக்கு. ரெஸ்யூமேயை அவுட்லைன் ஆக்கினால் எழுத்தெல்லாம் வெறும் வடிவமாகிவிடும், எந்த மென்பொருளும் படிக்காது.

எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. என்ன செய்வது?

முதலில் தமிழில் எழுதுங்கள். யோசித்தது தெளிவாக வரும். அப்புறம் சின்னச் சின்ன வாக்கியமாக ஆங்கிலத்தில் மாற்றி, தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்துங்கள். ஸ்பெல்லிங் தவறு மட்டும் இருக்கக் கூடாது, ஏனென்றால் நாளைக்கு நீங்கள் அச்சுக்கு அனுப்பும் ஃபைலிலும் அது வரும் என்று எங்களுக்குப் பயம். தமிழ்ப் பதிப்பகத்துக்கோ பத்திரிகைக்கோ விண்ணப்பிப்பதாக இருந்தால் தமிழிலேயே அனுப்பலாம். இன்டர்வியூவில் தமிழில் பேசலாமா என்று கேட்பதில் ஒரு தப்பும் இல்லை. எங்கள் ஸ்டுடியோவில் பாதிப் பேச்சு தமிழில்தான் நடக்கிறது.

நேரில் போகும்போது பிரிண்ட் எடுத்துக்கொண்டு போக வேண்டுமா?

அச்சு சார்ந்த வேலை என்றால் ஆமாம். முழு போர்ட்ஃபோலியோவையும் எடுக்க வேண்டாம், செலவு. நிஜமாகச் செய்த பொருள் இரண்டு மூன்று: மடித்த பெட்டி, தைத்த சிறு புத்தகம், பத்திரிகை. 300 டிபிஐ (படத்தின் தெளிவு அளவு), சுற்றிலும் 3 மிமீ பிளீட் (வெட்டுவதற்காகக் கூடுதலாக அச்சிடும் ஓரம்) விட்டு எடுத்து, ஓரத்தை நேராக வெட்டிக் கொண்டு வாருங்கள். என்ன பேப்பர், எத்தனை ஜிஎஸ்எம் (பேப்பரின் கனத்தைச் சொல்லும் அளவு) என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். பக்கத்தில் இருக்கும் அச்சகத்துக்குப் போய் ஒரு நாள் நின்று பார்த்தால் இதெல்லாம் தானாக வந்துவிடும், கேட்டால் யாரும் விரட்டமாட்டார்கள்.

இன்டர்வியூவில் என்ன கேட்பீர்கள்?

'இந்த இடத்தில் ஏன் இந்தக் கலர்?' 'இந்த எழுத்துரு ஏன்?' 'திரும்பச் செய்தால் எதை மாற்றுவீர்கள்?' கடைசிக் கேள்விக்கு 'எதையும் மாற்றமாட்டேன்' என்று சொல்கிறவர்களை எடுக்கத் தயக்கமாக இருக்கும். லேப்டாப்பில் சார்ஜ் போட்டு, நெட் இல்லாமலும் திறக்கிற மாதிரி ஃபைலை வைத்துக்கொண்டு வாருங்கள்.

டெஸ்ட் ஒர்க் என்று சம்பளம் இல்லாமல் செய்யச் சொல்கிறார்களே?

அரை நாள், ஒரு நாளில் முடியும் கற்பனையான வேலை என்றால் செய்யலாம். ஏற்கெனவே அவர்களிடம் இருக்கும் கிளையண்டுக்கு, நாளைக்கே பயன்படுத்துகிற மாதிரி பத்து சோஷியல் மீடியா போஸ்ட் கேட்டால் அது டெஸ்ட் இல்லை. 'இதற்கு எவ்வளவு தருவீர்கள்?' என்று மரியாதையாகக் கேளுங்கள். பதிலிலேயே அந்த இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். அனுப்புவதானாலும் குறைந்த ரெசல்யூஷன் பிடிஎஃப் மட்டும் அனுப்புங்கள், ஓப்பன் ஃபைல் (திருத்தக்கூடிய மூல ஃபைல்) கொடுக்காதீர்கள்.

எம்.டெஸ் (டிசைன் முதுநிலைப் பட்டம்) படிக்கவும் இதே போர்ட்ஃபோலியோ போதுமா?

அப்படியே போதாது. எம்.டெஸ் சேர்வதற்கான சீட் (CEED) நுழைவுத் தேர்வை ஐஐடி பம்பாய் நடத்துகிறது. அது முடிந்த பிறகு ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக இன்டர்வியூ வைத்து போர்ட்ஃபோலியோ பார்ப்பது வழக்கம். அங்கே முடித்த வேலையைவிடத் தேடலுக்கு மதிப்பு அதிகம். ஸ்கெட்ச் புத்தகம், தோற்றுப்போன முயற்சி, நீங்கள் எடுத்த புகைப்படம், மண்ணில் மரத்தில் செய்தது எல்லாவற்றையும் காட்டலாம்.

மெயிலில் என்ன எழுதுவது?

ஐந்து வரி. நீங்கள் யார், எங்கே படிக்கிறீர்கள், எந்த வேலைக்கு, எப்போதிலிருந்து, அந்த ஸ்டுடியோ செய்த எந்த ஒர்க் உங்களுக்குப் பிடித்தது, ஏன். இந்தக் கடைசி விஷயத்தை எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. 'ரெஸ்பெக்டட் சார்' என்று ஒரே மெயிலில் முப்பது ஸ்டுடியோவின் முகவரியைப் போட்டு அனுப்பாதீர்கள், முப்பது பேருக்கும் மற்ற இருபத்தொன்பது பேர் பெயர் தெரியும். ஃபைலுக்கு உங்கள் பெயரை வையுங்கள். 'ஃபைனல் ஃபைனல் 3' என்று வந்த ஃபைலை டவுன்லோடு செய்தால் மறுநாள் அது யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது.

அனுப்பி இரண்டு வாரம் ஆகிறது, பதிலே இல்லை. மறுபடி எழுதலாமா?

எழுதுங்கள், ஒரு முறை. பெரும்பாலும் உங்களை வேண்டாம் என்று யாரும் முடிவு செய்திருக்கமாட்டார்கள். அந்த வாரம் ஒரு டெட்லைன் இருந்திருக்கும், மெயில் கீழே போயிருக்கும். 'என் மெயிலைப் பார்த்தீர்களா?' என்று மட்டும் கேட்காமல், இடையில் புதிதாக முடித்த ஒரு ஒர்க்கை ஒரே பக்கமாக இணைத்து அனுப்புங்கள். இப்போது என் பக்கத்து மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஜூனியரின் முதல் மெயிலை நான் திறக்கவே இல்லை. மூன்று வாரம் கழித்து, பூக்கடைக்காரர் ஒருவருக்காகச் செய்த விலைப்பலகையின் படத்தோடு இரண்டாவது மெயில் வந்தது, அன்று மாலையே கூப்பிட்டேன்.